காசைப் பற்றி வீடியோவா, காசுக்காக வீடியோவா?

பழைய நாணயங்கள் பற்றித் தமிழில் யூடியூப் சேனல் தொடங்கலாமா என்று மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார். முதலில் கேமரா பற்றிக் கேட்பார்கள், அப்புறம் மைக், கடைசியில்தான் கொஞ்சம் தயங்கி, "இதுல வருமானம் வருமாண்ணா?" என்பார்கள். அதை முதலிலேயே பேசிவிடுவது நல்லது. சமையல் வீடியோ போடுகிறவர் ஆசைக்காகச் செய்தாலும் பணத்துக்காகச் செய்தாலும் சாம்பார் சாம்பார்தான். நாணயத்தில் அப்படி இல்லை. எதற்காக எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து வீடியோவே வேறாகிவிடுகிறது, பார்க்க வருகிறவர்களும் வேறு ஆட்களாகிவிடுகிறார்கள். ஆறு வருடமாக இரண்டையும் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஒரே நாணயத்தை எடுத்துக்கொள்வோம். 2012இல் வெளிவந்த வைஷ்ணோ தேவி 5 ரூபாய். பணத்துக்காக எடுக்கப்படும் வீடியோவின் தலைப்பு உங்களுக்கே தெரியும்: இந்தக் காயின் உங்ககிட்ட இருந்தா நீங்க லட்சாதிபதி. தம்ப்நெயிலில் நாணயத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம், பக்கத்தில் நோட்டுக் கட்டு. மூன்று நிமிடம் பேசினால் போதும், நாணயம் கையில் இருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை. அதே நாணயத்தை ஆசைக்காக எடுக்கிறவர் வருடத்துக்குக் கீழே என்ன குறி இருக்கிறது என்று காட்டுவார், எந்த ஊர் நாணயச்சாலையில் அடித்தது என்பதை அதுதான் சொல்லும். வைரம் போல இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், வட்டப் புள்ளி என்றால் நொய்டா, எதுவுமே இல்லை என்றால் கொல்கத்தா. புழக்கத்துக்காக ஏராளமாக அடித்து வெளியிட்ட நாணயம் இது, பெட்டிக்கடைச் சில்லறையில்கூட வந்திருக்கிறது, ஆகவே லட்சமெல்லாம் கிடையாது என்பதையும் சொல்லிவிடுவார். முதல் வீடியோவை லட்சம் பேர் பார்ப்பார்கள். இரண்டாவதை நானூறு பேர் பார்ப்பார்கள், அதில் நாற்பது பேர் கடைசி வரை இருப்பார்கள்.

சரி, பணக்கணக்குக்கு வருவோம். விளம்பர வருமானம் தொடங்க 1,000 சப்ஸ்கிரைபர்கள் வேண்டும், அதோடு 12 மாதத்துக்குள் 4,000 மணி நேரம் உங்கள் வீடியோக்களை மக்கள் பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் 90 நாளில் ஷார்ட்ஸுக்கு ஒரு கோடி பார்வைகள். 4,000 மணி என்றால் 2,40,000 நிமிடம். ஒருவர் சராசரியாக 4 நிமிடம் பார்ப்பதாக வைத்துக்கொண்டாலும் 60,000 பார்வைகள் வேண்டும், அதுவும் ஒரே வருடத்துக்குள். சோழர் காசு, பாண்டியர் காசு என்று பொறுமையாகப் பேசும் சேனலுக்கு இது சுலபமில்லை. அதைத் தாண்டிய பிறகு நீள வீடியோவின் விளம்பரத்தில் 55 சதவீதம் நமக்கு, ஷார்ட்ஸ் என்றால் நம் பங்காக ஒதுக்கப்படும் தொகையில் 45 சதவீதம். கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு வரும். பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து விளம்பர விலை மாறும், நமக்கோ பெரும்பாலான பார்வை தமிழ்நாட்டிலிருந்து. நடுவில் விளம்பரம் வைக்க வீடியோ 8 நிமிடமாவது ஓட வேண்டும் என்பதால் ஐந்தரை நிமிடத்தில் முடிகிற விஷயத்தை எட்டரைக்கு இழுக்கும் பழக்கம் எனக்கும் வந்தது. இழுத்த அந்த மூன்று நிமிடத்தை இப்போது பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

நான்காவது மாதம் நானும் ஒரு விலை வீடியோ போட்டேன். அதில் ஒரு பொய்கூட இல்லை. 1939ஆம் வருட ஒரு ரூபாய் பற்றியது அது. ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாய், நிஜமாகவே அரிது, போலியும் நிறைய. 1940இல் ரூபாயின் வெள்ளியளவைப் பாதியாகக் குறைத்தார்கள், அதற்கு முந்தைய வருடத்துக் காசு என்பதால் அதற்கு இன்னும் மதிப்பு. எல்லாம் சரியான தகவல்தான். தலைப்பில் மட்டும் 'உங்கள் வீட்டில் இந்த நாணயம் இருக்கிறதா? விலை என்ன தெரியுமா?' என்று வைத்தேன். அதுவரை நான் போட்ட எல்லா வீடியோவுக்கும் சேர்த்து வந்த பார்வையை அது ஒன்பதே நாளில் தாண்டியது.

பத்தாவது நாள் கும்பகோணம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். கணவர் சேர்த்து வைத்திருந்த காசுகள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய இருக்கிறதாம். என் வீடியோவின் கீழே யாரோ போட்டிருந்த வாட்ஸ்அப் எண்ணுக்குப் படம் அனுப்பியிருக்கிறார். பதினோரு லட்சம் தருகிறோம், பதிவுக் கட்டணம் 2,100 ரூபாய் மட்டும் முதலில் அனுப்புங்கள் என்றார்களாம், அனுப்பிவிட்டார். அப்புறம் ஜிஎஸ்டி என்று ஒரு தொகை, கூரியர் இன்சூரன்ஸ் என்று இன்னொரு தொகை, அதற்குப் பிறகு ரிசர்வ் வங்கி அனுமதி என்று பெரிதாக ஒன்று கேட்டிருக்கிறார்கள். "தம்பி, நீங்க சொன்னீங்கன்னுதான் நம்பினேன்" என்றார். நான் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவர் ஏமாந்த இடம் என் வீடியோவுக்குக் கீழேதான், அந்தத் தலைப்பை வைத்து அவரை வரவழைத்தது நான்தான். இந்த மோசடி நாடு முழுக்க நடந்ததால், ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் வைத்துக் கட்டணம் கேட்கிறார்கள், பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் விஷயத்தில் நாங்கள் யாரிடமும் கமிஷனோ கட்டணமோ கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை வெளியிட வேண்டியிருந்தது. அந்த அம்மாவுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

இரண்டு வழிக்கும் நடுவில் உள்ள பெரிய வேறுபாடு எனக்கு அன்றுதான் புரிந்தது. விலையைத் தலைப்பில் வைத்தால் வருகிறவர் விற்க வருகிறார், அவரைத் தேடி ஏமாற்றுகிறவனும் வருகிறான். நாம் உள்ளே நல்லதே பேசினாலும் வாசலில் நடப்பது வேறு.

காசைத் துலக்கும் வீடியோ இன்னொரு கொடுமை. கறுத்துப் போன செப்புக்காசைப் புளி போட்டுத் தேய்த்து, பளபளவென்று மாறுவதைக் காட்டினால் பார்வை கொட்டும், மனுஷனுக்கு அது பார்க்கப் பிடிக்கும். ஆனால் அந்தக் கறுப்புதான் காசின் தோல். நூற்றாண்டுகளாகப் படிந்த அந்தப் படலம் போனால் எழுத்தின் விளிம்பும் சேர்ந்து தேய்கிறது, சேகரிப்பாளர் கையில் அதற்குப் பாதி மதிப்புகூட இருக்காது. பச்சைக் களிம்பு பரவி அரித்துக்கொண்டிருக்கும் காசு வேறு விஷயம், அதற்குத் தெரிந்தவர் கையில் வேலை இருக்கிறது. அம்மன் காசைப் புளியில் ஊறப்போடும் வீடியோ ஒன்றைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. புதுக்கோட்டை சமஸ்தானத்துக் காசு அது, ஒரு பக்கம் பிரகதாம்பாள் அமர்ந்திருப்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்றிருக்கும், ஏற்கெனவே மிகச் சின்னது.

ஆற்றில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடும் வீடியோக்களும் இதே வரிசைதான். கரூர் அமராவதி ஆற்று மணலில் ரோமானியக் காசும் சங்ககாலக் காசும் கிடைத்தது உண்மை. ஆனால் மண்ணுக்குள் கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டம். அதைச் சொல்லாமல் தோண்டுவதை மட்டும் காட்டினால், பார்த்துவிட்டுத் தோண்டப் போகிற பையனுக்கு யார் பதில் சொல்வது? கிழக்கிந்தியக் கம்பெனி பெயரோடு ராமர், அனுமார் படம் போட்ட காசுகளும் அப்படித்தான். கம்பெனி அப்படி ஒன்றை அடிக்கவே இல்லை, பின்னாளில் யாரோ செய்த வில்லைகள் அவை. அரிசியை இழுக்கும், கோடிக்கு விலை போகும் என்று ரைஸ் புல்லிங் கும்பல் அவற்றைக் காட்டி வீடுகளையே காலி செய்திருக்கிறது. இந்த வில்லைகளை வைத்து வீடியோ போட்டுப் பார்வை வாங்குகிறவர்கள் மீது எனக்கு உண்மையான கோபம் இருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும், பணத்தை நினைத்து எடுக்கிறவர்களிடம் நான் கற்றுக்கொண்டது நிறைய. அவர்கள் வாரம் தவறமாட்டார்கள். ஒலி தெளிவாக இருக்கும், முதல் பத்து வினாடியில் விஷயத்தைத் தொட்டுவிடுவார்கள். ஆசைக்காரர்களின் சேனலில் மின்விசிறிச் சத்தம் காதை அடைக்கும், நாற்பது நிமிடம் பேசுவார்கள், நாணயம் மங்கலாகத் தெரியும், பன்னிரண்டாவது வீடியோவோடு சேனல் அப்படியே நின்றுபோகும். எவ்வளவோ அறிவு உள்ள பெரியவர்களின் சேனல்கள் இப்படி நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன், கேட்க ஆள் இருந்தும் போய்ச் சேரவில்லை. பக்கவாட்டில் சாய்வாக விளக்கு வைத்தால் தேய்ந்த எழுத்து மேலெழுந்து தெரியும் என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு முழு நேர யூடியூபர், நாணயம் அவருக்குப் பத்தில் ஒரு தலைப்பு. விளம்பரத்தில் வந்த பணத்தில்தான் எடைத் தராசு வாங்கினேன், புத்தகங்கள் வாங்கினேன். பணம் வருவதில் தப்பே இல்லை. பணம் தலைப்பை எழுத ஆரம்பிப்பதுதான் பிரச்சினை.

ஆசை வழியில் கிடைப்பதை எப்படிச் சொல்வது? ராஜராஜன் செப்புக்காசு பற்றி ஒரு வீடியோ. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், அதன் பக்கத்தில் நாகரியில், அதாவது இன்று இந்தி எழுதும் எழுத்தின் பழைய வடிவத்தில், 'ஸ்ரீ ராஜராஜ'. தமிழ்நாட்டு மன்னன் காசில் ஏன் நாகரி எழுத்து என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டார், அதற்குப் பதிலாகவே மூன்று பேர் பக்கம் பக்கமாக எழுதினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், அதே நிற்கும் உருவமும் அமர்ந்த உருவமும் அவர்கள் ஊர் அரசர்களின் 'சேது' காசு வரை எப்படித் தொடர்ந்து வந்தது என்று படத்தோடு விளக்கினார். மொத்தம் 38 கமென்ட், ஒன்றில்கூட விலை இல்லை. அந்த வீடியோவில் வந்த பணம் இரண்டு டீக்குக் காணும். ஆனால் அடுத்த மூன்று வீடியோக்களுக்கான விஷயம் அந்தக் கமென்ட்களிலேயே இருந்தது.

நம் ஊரில் இதற்குப் பெரிய முன்னோடியும் உண்டு. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி பத்திரிகையை நடத்திக்கொண்டேதான் சங்ககாலக் காசுகளைத் தேடித் தேடி ஆராய்ந்தார். 'பெருவழுதி' என்று தமிழ்-பிராமியில் பெயர் பொறித்த பாண்டியர் காசை அவர் அடையாளம் கண்டு எழுதிய பிறகு சங்க மன்னர்களைப் பற்றிய பேச்சே மாறியது. சோறு போட்டது வேறு வேலை என்பதால் காசு என்ன சொல்கிறதோ அதை மட்டும் கேட்க அவரால் முடிந்தது என்று நினைக்கிறேன். எல்லாருக்கும் அந்த வசதி அமையாது, அதுவும் தெரியும்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, நாணய வியாபாரிகளே சேனல் நடத்துவது. தன் அலமாரியில் இருப்பதைத்தான் அவர் புகழ்வார், அது இயல்பு. ஆனாலும் விளம்பரப் பார்வைக்காக மட்டும் ஓடுகிறவரைவிட நான் வியாபாரியை அதிகம் நம்புவேன். போலியைக் கொடுத்தால் அடுத்த நாணயக் கண்காட்சியில் அவர் மேஜைக்கே வந்து சட்டையைப் பிடிப்பார்கள். அவர் பெயர் அங்கே இருக்கிறது. பார்வைக்காக ஓடுகிறவருக்கு அந்தப் பொறுப்பு இல்லை, வீடியோவை அழித்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுவார்.

ஆகவே கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு வருடத்துக்குள் வீட்டுக்குப் பணம் வந்தே ஆக வேண்டும் என்றால் தயவுசெய்து நாணயத்தைத் தொடாதீர்கள், அதில் சீக்கிரம் பணம் வரும் ஒரே வழி யாரையாவது ஆசை காட்டுவது. வேறு வேலை இருக்கிறது, மாதத்தில் நான்கு ஞாயிற்றுக்கிழமை உண்டு என்றால் தாராளமாக வாருங்கள், வரும் விளம்பரப் பணத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் நடத்துகிறேன். அந்த 1939 வீடியோவை, அந்த அம்மா போன் செய்த அன்றே சேனலிலிருந்து நீக்கிவிட்டேன். அதற்குப் பிறகு தலைப்பில் விலை என்ற சொல் வந்ததில்லை, நடுவில் விளம்பரம் வைப்பதில்லை, போன் எண் உள்ள கமென்ட் எதுவும் நான் பார்க்காமல் வெளியே வராதபடி வைத்திருக்கிறேன். மாதம் ஒரு வீடியோ. நாணயத்தை விற்கத்தான் வேண்டும் என்று யாராவது கேட்டால், முன்பணம் கேட்கிறவர் பக்கம் போகாதீர்கள், நேரில் இரண்டு வியாபாரிகளிடம் காட்டுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

போன மாதம் எடுத்தது சில்லறையில் கிடைத்த தமிழ் பற்றி. 1995 தஞ்சாவூர் உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த திருவள்ளுவர் நாணயம், அண்ணா நூற்றாண்டுக்காக 2009இல் வந்த 5 ரூபாய், அதில் அவருடைய கையெழுத்து தமிழிலேயே இருக்கும். தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரம் ஆண்டுக்காக 2010இல் வந்த 5 ரூபாயையும் சேர்த்துக்கொண்டேன். இதுவரை 612 பார்வை. நேற்று விழுப்புரத்திலிருந்து ஒரு பஸ் கண்டக்டர், தன் தோல் பையில் வந்த அண்ணா நாணயத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். வருடத்துக்குக் கீழே என்ன குறி என்று சரியாகத் தெரியவில்லை, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வைத்து இன்னொரு படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.