ரேங்க் சொல்வதும் நிலை சொல்வதும்

மாணவரை மதிப்பிட இரண்டு வழிகள் உண்டு. மற்றவர்களோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்துவது ஒன்று. இந்த வகுப்பில் இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே வகுத்துக்கொண்டு, அது தெரிகிறதா என்று பார்ப்பது இன்னொன்று. தமிழ்நாட்டில் இரண்டுமே நடைமுறையில் இருக்கின்றன.

முதல் வழிக்கு உதாரணம் சொல்ல நீட் தேர்வே போதும். பொதுப் பிரிவினர் தகுதி பெற 50-வது பெர்சென்டைல் எடுக்க வேண்டும். அதாவது, எழுதியவர்களில் சுமார் பாதிப் பேரை முந்தியிருக்க வேண்டும். அந்த இடத்தில் நின்ற மதிப்பெண் என்ன? 720-க்கு 2022-ல் 117, 2023-ல் 137, 2024-ல் 162, 2025-ல் 144. உயிரியலில் எவ்வளவு தெரிந்தால் மருத்துவம் படிக்கத் தகுதி என்பது வருடா வருடம் மாறுமா? மாறியது வினாத்தாளும், கூடவே எழுதியவர்களும்தான். 2023-ல் முதுநிலை நீட்டில் இடங்களை நிரப்ப கட்-ஆஃப் பூஜ்ஜிய பெர்சென்டைலுக்கே இறக்கப்பட்டது. கடைசியில் இருப்பவரும் தகுதியானவர் என்றால், தகுதி என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

ஆனாலும் இடம் குறைவு, கேட்பவர்கள் அதிகம் என்ற நிலையில் வரிசைப்படுத்தித்தான் ஆக வேண்டும். அதில் எனக்குச் சண்டை இல்லை. அந்த வரிசையை ஏழு வயதுப் பிள்ளையின் வகுப்பறைக்குள் கொண்டுவருவதைத்தான் ஏற்க முடியவில்லை. அங்கே எல்லாப் பிள்ளைக்கும் இடம் இருக்கிறது. யாரையும் வெளியே நிறுத்தத் தேவையில்லை. முப்பதாவது ரேங்க் என்று எழுதிக் கொடுத்தால் அம்மா அப்பா என்ன செய்ய முடியும்? திட்டலாம், டியூஷனில் சேர்க்கலாம். பிள்ளைக்கு எது வரவில்லை என்பது அந்த எண்ணில் இல்லை.

2022-ல் அரசுப் பள்ளிகளில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் வேறு பாதையில் போகிறது. வயதையோ வகுப்பையோ பார்க்காமல், பிள்ளைக்கு என்ன வருகிறது என்பதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அந்த நிலைக்கேற்ற பயிற்சி தருகிறார்கள். இரண்டு பேர் மலருக்கு வந்தால் அதனால் வேறு யாரும் கீழே போவதில்லை. வகுப்பே மலருக்கு வரலாம். வரிசை முறையில் அது நடக்கவே நடக்காது. எல்லாரும் நன்றாகப் படித்தாலும் ஒருவர் கடைசிதான்.

சரி, பத்தாம் வகுப்பின் 35 மதிப்பெண்ணும் முன்பே வகுத்த அளவுதானே என்று கேட்கலாம். பார்க்க அப்படித்தான் தெரியும். கணக்கில் செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. இந்த 16 மதிப்பெண்ணை உறுதி செய்துவிட்டு, மிச்சத்தை அங்கங்கே பொறுக்கினால் பாஸ். மெல்லக் கற்போருக்கான சிறப்பு வகுப்புகளில் இதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பழக்குகிறார்கள். பிள்ளை பாஸாகிவிடும், நல்லதுதான். ஆனால் இயற்கணிதம் தெரியுமா என்பதற்கு அந்த 35-ல் பதில் கிடையாது. மொத்த மதிப்பெண்ணில் ஒரு கோடு போட்டால் அது அளவுகோலாகிவிடாது. எந்தத் திறன், எவ்வளவு என்று சொன்னால்தான் அளவுகோல். 2017-ல் பொதுத்தேர்வு ரேங்க் பட்டியலை அரசு நிறுத்தியது பெரிய நிம்மதி. அடுத்து மதிப்பெண் சான்றிதழில் திறன்வாரியாக எழுதும் வேலை பாக்கி இருக்கிறது.

நிலை முறையிலும் ஓட்டை உண்டு. அரும்பு என்பதே கீழ்நிலை என்று பிள்ளைகள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் அது வேறு பெயரில் ரேங்க். அதைவிடப் பெரிய சிக்கல், கற்பிக்கும் ஆசிரியரே நிலையையும் பதிவு செய்வது. மலர் எண்ணிக்கை குறைந்தால் மேலிருந்து கேள்வி வரும் என்ற பயம் இருக்கும்வரை அந்தப் பதிவை முழுதாக நம்ப முடியாது. வெளியிலிருந்து ஒருவர் வந்து, சில பிள்ளைகளை ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். அந்த முடிவை வைத்து ஆசிரியரைத் தண்டிக்கவும் கூடாது.