டம்மி தோட்டா: பல வருடம் பயன்படுத்திய பிறகு

அமெரிக்காவில் 9 எம்எம் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள் வீட்டுப் பயிற்சிக்குப் பெரும்பாலும் வாங்குவது இரண்டு வகை டம்மிகளை, அதாவது வெடிமருந்து இல்லாத போலித் தோட்டாக்களை. ஒன்று ஏ-ஜூம், முழு அலுமினியத்தில் கடைந்து சாயம் ஏற்றியது. இன்னொன்று டிப்டன் போன்ற சிவப்பு பிளாஸ்டிக் வகை. துப்பாக்கிக் கடைகளிலும் பிரவுனெல்ஸ், மிட்வே தளங்களிலும் சுலபமாகக் கிடைக்கும். இரண்டையும் பல வருடமாகப் பயன்படுத்துகிறேன்.

டிரிகர் இழுத்துப் பழக மட்டும் என்றால் பிளாஸ்டிக்கே போதும். ஆனால் துப்பாக்கியின் மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னால் இழுத்து டம்மியை வெளியே தெறிக்கவிட்டுப் பழகினால், அதை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் என்ற கொக்கி கவ்வும் விளிம்பு சீக்கிரம் உடைகிறது. அலுமினியத்தில் அதே இடம் மெல்ல நைந்து சாயம் உரியும், உடையாது. என் ஓட்டு அலுமினியத்துக்கு. எடைதான் குறை: நிஜத் தோட்டாவின் கனம் இல்லாததால், தோட்டாக்களை அடுக்கும் மேகசினை மாற்றும் பயிற்சியில் கை ஏமாறும்.

எடைக்காகப் பித்தளைக் கூடு வைத்த டம்மியைச் சிலர் தேடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை, சினிமா டம்மிபோல அதுவும் அசலாகவே தெரியும். சினிமா டம்மி அசல்போலத் தெரிந்தாக வேண்டும். அதனால் உள்ளே ஒரு சின்ன உலோகக் குண்டைப் போட்டு, குலுக்கினால் சத்தம் வருகிறதா என்றோ, கூட்டின் பக்கவாட்டில் துளை இருக்கிறதா என்றோ பார்த்துத்தான் அடையாளம் காண்பார்கள். 2021 அக்டோபர் 21 அன்று நியூ மெக்சிகோவில் ‘ரஸ்ட்’ படப்பிடிப்பில் டம்மி இருக்க வேண்டிய இடத்தில் நிஜத் தோட்டா இருந்தது. ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் உயிரிழந்தார். பயிற்சி செய்கிற நமக்கு அசல் தோற்றம் எதற்கு? தூரத்திலேயே நிறம் கண்ணில் அடிக்க வேண்டும்.

டம்மியின் முழுப் பலன் ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சிக் களத்தில்தான் தெரியும். நண்பரிடம் மேகசினைக் கொடுத்து, நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே எங்காவது ஒரு டம்மியைச் செருகச் சொல்லுங்கள். அதன் முறை வரும்போது வெடிக்காது, ஆனால் பயந்த கை குழல் முனையைக் கீழே இழுப்பது அப்பட்டமாகத் தெரியும். அப்படியே மேகசினின் அடியைத் தட்டி, ஸ்லைடை இழுத்து, மறுபடி குறிவைக்கவும் பழகலாம். கிளம்பும் முன் டம்மிகளை அங்கேயே எண்ணித் தனி டப்பாவில் போட்டுவிடுங்கள்.

வீட்டில் பயிற்சி செய்கிற அறைக்குள் நிஜத் தோட்டா ஒன்றுகூட வரக்கூடாது. மேகசினைக் கழற்றி, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்ப்பேன். அமெரிக்க வீடுகளின் உள்சுவர் வெறும் ஜிப்சம் பலகை, தோட்டாவைத் தடுக்காது. அதனால் செங்கல் சுவர் போல உறுதியான ஒன்றை நோக்கித்தான் குறி. அப்புறம், முடித்தால் முடித்ததுதான். துப்பாக்கியை மறுபடி நிரப்பிய பிறகு “இன்னும் ஒரே ஒரு தடவை” என்று இழுக்கும்போதுதான் வீட்டில் விபத்து நடக்கிறது.

.22 என்ற சிறிய ரகத் தோட்டாவுக்கான துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதில் தோட்டாவை வெடிக்கவைக்கும் ஊசியான ஃபயரிங் பின், தோட்டாவின் அடி விளிம்பில் அடிக்கும். ஏ-ஜூமின் .22 டம்மி போட்டு எடுத்துப் பழக மட்டுமே, டிரிகர் இழுக்க அல்ல என்று தயாரிப்பாளரே சொல்கிறார்கள். டிரிகர் பயிற்சிக்குப் பலரும் சுவரில் திருகு மாட்ட உதவும் சிறிய மஞ்சள் பிளாஸ்டிக் பிளக்கைச் செருகிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் திருப்பிவிட்டு, விளிம்பு நைந்ததும் தூக்கிப் போட்டுவிடலாம்.