காபிப் பழத்தோல் டீ: நாலு பறிப்பு முடிந்த பிறகு

தாண்டிக்குடியில் சித்தப்பாவுக்கு மூன்று ஏக்கர் காபித் தோட்டம். பழம் பறிக்கும் சமயத்தில், டிசம்பர் கடைசியில், வத்தலக்குண்டிலிருந்து நாங்கள் மேலே ஏறிவிடுவோம். பழத்தைப் பல்ப்பரில், அதாவது தோலுரிக்கும் இயந்திரத்தில், கொட்டிச் சுற்றினால் கொட்டை வழவழவென்று ஒரு பக்கம் விழும், தோல் இன்னொரு பக்கம் செக்கச்செவேல் என்று குவியும். நூறு கிலோ பழத்தில் நாற்பது கிலோ இந்தத் தோலும் சதையும்தான். சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன், அது நேராக உரக்குழிக்குத்தான் போகும்.

2021 டிசம்பரில் ஒரு கூடை தோல் வேண்டும் என்று கேட்டேன். “அது குழிக்குப் போற தோலும்மா. அதைப் போய் யாராச்சும் குடிப்பாங்களா?” என்றார் சித்தப்பா. குடிக்கிறார்கள். ஏமனில் காபித் தோலை இஞ்சியோடு கொதிக்கவைத்துக் குடிப்பது ரொம்பப் பழைய வழக்கம், அதற்குக் கிஷ்ர் என்று பேர். எத்தியோப்பியாவில் ஹாஷாரா. ஏமனிலிருந்து ஏழு கொட்டைகளைக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் பாபா புடன் விதைத்தார் என்று சொல்வார்கள் அல்லவா? கொட்டை நம்மிடம் வந்தது, தோலைக் குடிக்கும் பழக்கம் அங்கேயே நின்றுவிட்டது. இதை முதலில் படித்தபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

முதல் வருடம் முழுக்க வீண். பல்ப்பரிலிருந்து விழுந்த தோலை அப்படியே சாக்கில் கட்டி வண்டியில் போட்டுக் கீழே கொண்டுவந்தேன். வீட்டில் சாக்கைப் பிரித்துக் கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்பு, காடி வாசம். சரி, வெயிலில் போட்டால் போய்விடும் என்று மொட்டை மாடியில் நாலு விரல் கனத்துக்குப் பரப்பினேன். மூன்றாம் நாள் அடியில் கிளறியபோது வெள்ளை நூல் நூலாகப் பூசணம். அத்தனையையும் கொட்டினேன். ஒரே ஒரு விஷயம் புரிந்தது. நான் அதைத் தேயிலை மாதிரி நினைத்திருந்தேன். அது பழம். சர்க்கரையும் ஈரமும் நிறைந்த பழத்தோல். வெட்டிய மாம்பழத்தைச் சாக்கில் கட்டி வைப்போமா?

அடுத்த வருடத்திலிருந்து நான் செய்வதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ருசியில் முக்கால்வாசி இங்கேதான் முடிவாகிறது. நன்றாகச் சிவந்த பழத்தை மட்டும் பொறுக்கி எடுப்பேன். ஒரு குண்டானில் தண்ணீர் ஊற்றிப் பழத்தைக் கொட்டினால் சொத்தையும் வண்டு துளைத்ததும் மேலே மிதக்கும். அதை வழித்துப் போட்டுவிட்டு, மீதியை இரண்டு தண்ணீரில் கழுவி வடிகட்டுவேன். பல்ப்பரில் போடுவதில்லை. கையால் பிதுக்குவேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துக் காம்புப் பக்கம் அழுத்தினால் இரண்டு கொட்டையும் சளுக்கென்று நழுவி வெளியே வந்துவிடும். கையில் மிஞ்சுவது உள்ளே வெளுத்து, வெளியே சிவந்த ஒரு சின்ன பை. விரலெல்லாம் பிசுபிசுக்கும். நக்கிப் பார்த்தால் தர்ப்பூசணியின் தோல் ஓரத்துச் சதை போல நீர்த்த இனிப்பு. ஆறு கிலோ பழத்தைப் பிதுக்க எனக்கும் சித்திக்கும் ஒரு மத்தியானம் போய்விடும். காய்ந்தபின் கிடைப்பது அரைக் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு.

தாண்டிக்குடியில் டிசம்பர் மத்தியானம் என்றால் பனிமூட்டம்தான், அங்கே காயாது. அன்றிரவு அறைக்குள் ஃபேனுக்கு அடியில் ஒற்றை அடுக்காகப் பரப்பிவிட்டு, காலையில் முதல் வேலையாகக் கீழே கொண்டுவந்துவிடுவேன். வத்தலக்குண்டு வெயிலில் நைலான் கயிற்றுக் கட்டில் மேல் கொசுவலை விரித்து, அதன் மேல் தோலைப் பரப்பி, ஈ மொய்க்காமல் பழைய வேட்டியால் மூடுவேன். காற்று அடியிலும் போகவேண்டும், அதனால்தான் கட்டில். முதல் நாள் மணிக்கு ஒரு தரம் கிளறவேண்டும், அப்புறம் அவ்வளவு வேண்டாம். சாயங்காலம் வீட்டுக்குள் எடுத்துவிடுவேன். நாலாவது நாள் ஒன்றை எடுத்து மடக்கினால் அப்பளம் போலப் பட்டென்று ஒடியவேண்டும். வளைந்தால் இன்னொரு நாள்.

மருந்து விஷயம் முக்கியம். காபிச் செடிக்கு இலைத்துரு நோய் வராமல் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடிப்பார்கள். பூச்சிக்கு வேறு மருந்துகளும் உண்டு. கொட்டையைக் குடிக்கிறவர்களுக்குத் தோல் கழன்றுவிடும், வறுபடவும் செய்யும். நமக்கோ மருந்து விழுந்த அந்தத் தோலே பானம். அதனால் வீட்டை ஒட்டிய முப்பது செடிகளுக்குச் சித்தப்பா மருந்தே அடிப்பதில்லை. அந்தச் செடிகளில்தான் எடுக்கிறேன். உங்களுக்குத் தோட்டக்காரர் யாரையாவது தெரியும் என்றால் முதலில் இதைக் கேளுங்கள், விலையை அப்புறம் கேட்கலாம்.

போடுவது சுலபம். எட்டு கிராம் தோலுக்கு இருநூறு மில்லி கொதிக்கும் தண்ணீர், மூடி ஆறு நிமிடம். கண்ணாடித் தம்ளரில் ஊற்றினால் இளஞ்சிவப்பும் தேன் நிறமும் கலந்து இருக்கும். ருசியில் காபி கொஞ்சமும் இல்லை. எனக்குத் தோன்றுவது பள்ளிக்கூட வாசலில் வாங்கித் தின்ற இலந்தை வடை. அதோடு உலர்திராட்சை ஊறின தண்ணீர், கடைசியில் நாக்கில் நிற்கும் லேசான புளிப்பு. அதே தோலில் இரண்டாவது தரமும் ஊற்றலாம், மெலிதாக வரும். பத்து நிமிடத்துக்கு மேல் விட்டால் துவர்க்கும். பால் சேர்க்காதீர்கள். மூன்று தரம் முயன்றேன், ஒரு தரம் திரிந்தே போனது. இனிப்பு எனக்கு வேண்டியதில்லை. வேண்டுமென்றால் ஒரு துண்டு பனங்கற்கண்டு போதும். கருப்பட்டி போட்டால் கருப்பட்டி மட்டும்தான் தெரியும்.

கோடையில் வேறு வழி. இருபது கிராம் தோலை அரை லிட்டர் பச்சைத் தண்ணீரில் போட்டு ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் வடிகட்டி, அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் சித்திரை வெயிலுக்கு இதை மிஞ்சி எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை. துவர்ப்பு சுத்தமாக வராது. பிள்ளைகள் கேட்பார்கள், நான் கொடுப்பதில்லை. தோலிலும் கஃபீன் உண்டு. காபியில் இருப்பதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு என்று சொல்வார்கள். எனக்குச் சாயங்காலம் நாலு மணிக்குக் குடித்தால் ஒன்றுமில்லை, ராத்திரி ஒன்பதுக்குக் குடித்தால் பன்னிரண்டு வரை முழிப்புதான்.

கிஷ்ர் போலவும் செய்து பார்த்தேன். ஏமனில் பழத்தை முழுசாகக் கூரை மேல் காயவைத்து, அப்புறம் உடைத்துத் தோலை எடுக்கிறார்கள். நம் ஊரில் செர்ரி என்று காயவைப்போமே, அதே முறை. அப்படி உடைத்த தோலில் கொட்டையை ஒட்டிய சொரசொரப்பான சருகும் கலந்திருக்கும், கொஞ்சம் கட்டை வாசம் அடிக்கும். இஞ்சி தட்டிப் போட்டு, சிறு துண்டு பட்டையும் சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டதும் அந்த வாசம் அடங்கி, தொண்டைக்கு இதமான வேறொரு பானம் ஆகிவிட்டது. மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் இதுதான்.

நடுவில் ஒரு வருடம் பழம் குறைந்தபோது இணையத்தில் நூறு கிராம் பாக்கெட் ஒன்று வாங்கினேன். பிரித்ததும் நனைந்த சாக்கு வாசம், அடியில் தூசி. தோலை மூக்கருகே வைத்தால் உலர்ந்த பழ வாசம் வரவேண்டும், அது இல்லையென்றால் போடவே வேண்டாம். காபித் தோலைக் கடைகளில் காஸ்கரா என்றுதான் விற்கிறார்கள். அந்தப் பேரில் தேடுகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்கவேண்டும். ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்குத் தோல், பட்டை என்றுதான் பொருள். காஸ்கரா சாக்ராடா என்று விற்பது ஒரு மரப்பட்டை, பேதி மருந்து. அதற்கும் காபிக்கும் சம்பந்தமே இல்லை. ஐரோப்பாவில் காபித் தோல் பானத்தை விற்க 2022 ஜனவரியில்தான் அனுமதி கொடுத்தார்கள், அதன் பிறகு பேர் இன்னும் பரவியிருக்கிறது.

இது ஃபில்டர் காபியின் இடத்துக்கு வருமா என்று கேட்கிறார்கள். வராது. காலையில் எனக்கு டபரா காபிதான். நாலு மணிக்குக் குடித்துக்கொண்டிருந்த இரண்டாவது காபியை மட்டும் இது எடுத்துக்கொண்டது. வயிற்று எரிச்சல் எனக்கு அதோடு நின்றது.

இறுக்கமான மூடி போட்ட கண்ணாடி ஜாடியில் வைத்தால் பத்து மாதம் வாசம் அப்படியே இருக்கும். ஐப்பசி மழை பிடித்ததும் தோல் மெத்தென்று ஆகத் தொடங்கும். உடனே ஒரு நாள் வெயிலில் போட்டெடுத்து, மீதியை ஃபிரீசருக்கு மாற்றிவிடுவேன். போன பறிப்பின்போது நான் மேலே போகுமுன்பே சித்தப்பா ஃபோன் பண்ணினார். முப்பது செடியோடு இன்னும் பத்துக்கு மருந்து அடிக்காமல் விட்டிருக்கிறாராம், வரும்போது இன்னொரு கொசுவலையும் வாங்கி வரச் சொன்னார்.