நேரடி டர்போபிராப்பா, ஹப் வழியாக ஜெட்டா? 900 கிலோமீட்டருக்கு ஒரு கணக்கு

இரண்டு சிறிய விமான நிலையங்களுக்கு இடையே தூரம் எவ்வளவு என்று இணையத்தில் தேடினால் ஒரு எண் வரும். கூடவே ‘பறக்கும் நேரம்’ என்று இன்னொன்றும் வரும். முதல் எண்ணை நம்பலாம். பூமியின் வளைவையொட்டி அளந்த மிகக் குறுகிய தூரம் அது. இரண்டாவது எண், ஒரு ஜெட் மணிக்கு 800 கி.மீ. வாக்கில் நேராகப் பறப்பதாக வைத்துப் போட்டதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அந்தத் தடத்தில் ஜெட்டே போகாமலும் இருக்கலாம்.

தூரம் 900 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சின்ன ஊர்களுக்கு நடுவே நேரடி சேவை இருந்தால், அது ஏடிஆர் 72 மாதிரி டர்போபிராப்பாக, அதாவது இறக்கையில் பெரிய விசிறிகள் சுழலும் விமானமாக, இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அதற்குக் குட்டையான ஓடுதளமே போதும். வேகம் மணிக்கு சுமார் 510 கி.மீ. பறக்க ஒன்றே முக்கால் மணி நேரம், ஓடுதளம் வரை உருண்டு போய் மேலேறி இறங்கி நிற்க ஓர் அரை மணி. ஆக இரண்டே கால் மணி நேரம்.

ஹப் வழியாக, அதாவது நடுவில் ஒரு பெரிய விமான நிலையத்தில் விமானம் மாறிப் போனால், ஏ320 மாதிரி ஜெட் கிடைக்கும், மணிக்கு 830 கி.மீ. ஹப் நேர்க்கோட்டில் இல்லாமல் ஒரு பக்கம் 600, மறுபக்கம் 700 என்றால் தூரமே 1,300 ஆகிவிடுகிறது. முதல் விமானம் ஒன்றே கால் மணி, அடுத்தது அதைவிடக் கொஞ்சம் கூட. நடுவில் ஒன்றரை மணி காத்திருப்பு. மொத்தம் நாலு மணிக்கு மேல். சரி, ஹப் நேர்வழியிலேயே இருந்தால்? அப்போதும் மூன்றரை மணி ஆகும், ஏனென்றால் அந்த அரை மணிச் செலவு இரண்டு தடவை வருகிறது. வேகத்தில் மிச்சம் பிடித்ததைத் தரையிலேயே தொலைத்துவிடுகிறோம்.

டர்போபிராப்புக்கு எதிர்காற்றுதான் பெரிய எதிரி. மணிக்கு 100 கி.மீ. எதிர்க்காற்று அடித்தால் அதன் வேகம் 410 ஆகிவிடும், கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு போச்சு. ஜெட்டுக்கு எட்டில் ஒரு பங்குதான். ஆனால் ஏடிஆர் 25,000 அடிக்கு மேல் போவதில்லை. ஜெட் பறக்கும் உயரத்தில்தான் பொதுவாகக் காற்று மூர்க்கமாக இருக்கும். இரைச்சல் பிடிக்காதவர்கள் பின் வரிசையில் இடம் கேளுங்கள். விசிறிகள் முன்பக்கம் தள்ளி இருப்பதால் பின்னால் சத்தம் குறைவு. பயணிகள் ஏறுவதும் பின்கதவு வழியாகத்தான், இறங்கும்போது முதல் ஆளாக இறங்கிவிடலாம்.

2,000 கி.மீ. என்றால் ஏடிஆர் போட்டியிலேயே இல்லை. ஆள் நிறைந்தால் 1,400 கி.மீ. வாக்கில்தான் அதன் எல்லை. அங்கே எம்ப்ரேயர் 190 போன்ற சிறிய ஜெட் நேரடியாக மூன்று மணிக்குள் சேர்த்துவிடும். அப்படிச் சேவை இல்லையென்றால் ஹப்தான் கதி.

என் ஓட்டு நேரடி விமானத்துக்கே. ஆனால் அது வாரத்தில் மூன்று நாள் மட்டும் போகிறது, உங்களுக்கு வேறொரு நாளில் போயாக வேண்டும் என்றால் ஹப் வழியே போங்கள். அப்போது இரண்டு விமானத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டால், மாற்று விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பாடு. தனித்தனி டிக்கெட் என்றால் அது உங்கள் பாடு, உங்கள் காசு.