ஏழு பக்க ஒப்பந்தத்தில் என் பாட்டைத் தொலைத்தேன்

வெள்ளவத்தையில் வாடகை அறையில் இருந்துகொண்டு சொந்தமாகப் பாட்டெழுதி, மெட்டமைத்துப் பாடுகிறவன் நான். வயிற்றுப்பாட்டுக்குக் கணக்காய்வாளர் அலுவலகம் ஒன்றில் வேலை. நாள் முழுவதும் பிறர் தாள்களைத் துருவுகிறவன், என் சொந்த ஒப்பந்தத்தில் கோட்டைவிட்டேன்.

என் பாட்டு ஒன்றை வெளியிடுவதற்காகப் பாடல் வெளியிடும் நிறுவனம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. காலி வீதியில் இரண்டாம் மாடி, குளிரூட்டிய அறை, இஞ்சி போட்ட பிளேன்டீ. "தம்பி, இந்தக் குரல் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் கேட்கவேண்டிய குரல்" என்றார் முகாமையாளர். விளம்பரச் செலவென்று 40,000 ரூபா கேட்டார், கொடுத்தேன். ஆங்கிலத்தில் ஏழு பக்கம் நீட்டினார். "எல்லோருக்கும் இதே படிவம்தான், தம்பி." கையெழுத்திட்டேன். பிரதிகூடக் கேட்டு வாங்கவில்லை.

விளம்பரம் என்று நான் கண்டது அவர்களுடைய பக்கத்தில் ஒரேயொரு பதாகை. அதிலும் என் பெயரில் எழுத்துப்பிழை.

எட்டு மாதம் கழித்து அக்காவின் திருமணத்தில் அதே பாட்டைப் பாடினேன். பின்னணி இசைக்கு என் பழைய ஒலிப்பதிவையே போட்டோம். காணொளியை யூடியூபில் ஏற்றிய மறுநாளே, பாட்டு அந்த நிறுவனத்துக்குச் சொந்தம் என்று அறிவித்தல் வந்தது. மறுப்புத் தெரிவித்தேன். அதற்குப் பதில் சொல்ல உரிமை கோரியவருக்கு 30 நாள் அவகாசம் உண்டு. முப்பதாவது நாள் நிராகரித்தார்கள்.

அலைந்து திரிந்து ஒப்பந்தப் பிரதியை வாங்கிப் படித்தேன். ஆறாம் பக்கத்தில் வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு மூன்றும் நிரந்தரமாக அவர்களுக்கு என்று இருந்தது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிவு செய்யாவிட்டாலும் பதிப்புரிமை படைத்தவனுக்கே. அவன் வாழ்நாளும் அதற்குப் பின் 70 ஆண்டும் நீடிக்கும். எழுத்தில் கையெழுத்திடாமல் அது கைமாறாது. அந்தக் கையெழுத்தைத்தான் பிளேன்டீ ஆறுமுன் போட்டுக் கொடுத்திருந்தேன்.

வருமானக் கணக்கு கேட்டதற்கு ஒற்றைத் தாள் வந்தது. எத்தனை பேர் கேட்டார்கள், எந்தத் தளத்தில் எவ்வளவு கிடைத்தது, ஒன்றுமில்லை. 'நிர்வாகச் செலவு' கழித்தபின் நான் அவர்களுக்கு 3,200 ரூபா தரவேண்டுமாம்! சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அந்தத் தாளை அம்மாவிடம் காட்டினேன். "பாட்டையும் கொடுத்துக் காசும் கொடுக்கிறாயா?" என்றார்.

இப்போது ஒரு சட்டத்தரணியிடம் போய்வருகிறேன், அதற்கும் செலவுதான். அதே மனிதர்கள் கொட்டாஞ்சேனைப் பக்கம் புதுப் பெயரில் இளம் பாடகர்களைத் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உங்களையும் அழைத்தால் தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கவேண்டும் என்று கேளுங்கள். எத்தனை ஆண்டுக்கு உரிமை, எப்போது விலகலாம், கணக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதையும் கேளுங்கள். என்னுடன் ஒலிப்பதிவு செய்த தங்கை ஒருத்தி தாள்களை வீட்டுக்குக் கேட்டாள். அடுத்த நாளிலிருந்து அவளுடைய அழைப்பை அவர்கள் எடுக்கவில்லை.