பாண்டாஸ் ரீசாம்பிள்: இத்தனை வருடம் கழித்தும் தீராத ஒரு கோபம்

"டைம்ஸ்டாம்ப் உள்ள டேட்டாவை 15 நிமிஷம் 15 நிமிஷமாகப் பிரித்து லூப் ஓட்டணும். கையால் எழுதவா, ரீசாம்பிள் போடவா?" என்று போன வாரம் நண்பன் கேட்டான். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். ரீசாம்பிள் (resample) என்பது பைதான் மொழியின் டேட்டா நூலகமான பாண்டாஸில், நேரவாரியான டேட்டாவைச் சம இடைவெளிகளாகப் பிரித்துத் தரும் கட்டளை.

எனக்கு மின்மீட்டர் டேட்டாவோடுதான் வேலை. நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு நாளுக்கு 96 பிளாக், ஒவ்வொன்றும் 15 நிமிடம். முதலில் வைல் லூப்பில் 15 நிமிட டைம்டெல்டாவை (நேர இடைவெளியை)க் கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு சுற்றிலும் மொத்த டேபிளையும் ஃபில்டர் செய்வேன். ஒரு மாத டேட்டாவுக்கு 2,880 சுற்று. டீ குடித்துவிட்டு வந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும். ரீசாம்பிளில் அது ஒரே வரி. அதை ஃபார் லூப்பில் போட்டால் பிளாக் தொடங்கும் நேரமும் அதற்குரிய வரிகளும் சேர்ந்து வரும். ரீடிங்கே இல்லாத பிளாக்கும் காலியாக வந்து நிற்கும். அந்த ஒழுங்கு எனக்கு இன்றும் பிடிக்கும்.

ஆனால் சம் (sum, கூட்டுத்தொகை) போட்டதும் அந்தக் காலி பிளாக் பூஜ்யமாகிவிடும்! ஒருநாள் காலை 10:10 முதல் 12:20 வரை ரீடிங்கை அனுப்பும் மோடம் செத்துக் கிடந்தது. ரிப்போர்ட்டில் 10:15 தொடங்கி எட்டு பிளாக்குக்கும் 0.0 யூனிட். மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சராசரி (mean) போட்டிருந்தால் நேன் (NaN, 'மதிப்பு இல்லை' என்ற குறி) வந்திருக்கும், உடனே கண்ணில் பட்டிருக்கும். ஒன்றுமில்லாததன் கூட்டுத்தொகை பூஜ்யம் என்பது கணக்குப்படி சரிதான், 2017 கடைசியில் வந்த 0.22 பதிப்பிலிருந்து பாண்டாஸில் அதுவே விதி. இருக்கட்டும். அளவே எடுக்காத நேரத்தை 'செலவு இல்லை' என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சம்மில் min_count=1 கொடுத்தால், அதாவது ஒரு ரீடிங்காவது இல்லையென்றால் நேன் கொடு என்று சொன்னால், தீரும் என்பார்கள். முழுசாகத் தீராது. அன்று 10:00 பிளாக்கில் பத்தே ரீடிங். அது நல்ல பிள்ளை மாதிரி குறைந்த கூட்டுத்தொகையோடு உள்ளே வந்துவிடும். நிமிஷத்துக்கு ஒரு ரீடிங், பிளாக்குக்கு 15 என்பதால் நான் min_count-ஐ 12 என்று வைத்திருக்கிறேன்.

அப்புறம், டேட்டா யூடிசியில் (UTC, உலகப் பொது நேரத்தில்) இருந்தால் நாள் கணக்கு போடும் முன் இந்திய நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் நாள் காலை 5:30க்குத்தான் தொடங்கும்.

நண்பனிடம் ரீசாம்பிள் வேண்டாம் என்றே சொன்னேன். அவன் எழுதும் நிரலை நாளைக்கு வேறொருவர் பார்ப்பார், அந்த 12 எதற்கு என்று அவருக்குத் தெரியாது. என் ஸ்கிரிப்டில் ரீசாம்பிள்தான் இன்றும் ஓடுகிறது.