அமெரிக்கா வியட்நாமில் ஏன் இறங்கியது? மூன்று விளக்கங்கள், ஒரே உரைகல்

வியட்நாம் போரில் அமெரிக்கா இறங்கியதற்கு மூன்று காரணங்கள் பெரிதாகப் பேசப்படுகின்றன: டோமினோ கோட்பாடு (ஒரு நாடு கம்யூனிசத்திடம் விழுந்தால் அண்டை நாடுகளும் வரிசையாக விழும் என்பது), கொடுத்த வாக்கின் நம்பகத்தன்மை (காப்போம் என்று சொன்ன நாட்டைக் கைவிட்டால் அமெரிக்காவின் சொல்லை யாரும் நம்பமாட்டார்கள் என்பது), உள்நாட்டு அரசியல். இவற்றை உரசிப் பார்க்க ஒரு நல்ல வழி உண்டு. 1954-இல் வியட்நாமின் டியன் பியன் பூ கோட்டையில், அதை ஆண்ட பிரான்சின் படை கம்யூனிஸ்டுகளின் முற்றுகைக்குள் சிக்கியபோது அமெரிக்கா போரில் இறங்கவில்லை. 1965-இல் இறங்கியது. இரண்டு முடிவுகளுக்கும் பொருந்தும் விளக்கத்துக்கே வலு அதிகம்.

முதலில் டோமினோ. 1954 ஏப்ரல் 7 அன்று செய்தியாளர்களிடம் பேசிய அதிபர் ஐசன்ஹோவர், இந்தோசீனா (வியட்நாம், லாவோஸ், கம்போடியா) வீழ்ந்தால் பர்மா, தாய்லாந்து, இந்தோனேசியா என அடுத்தடுத்துச் சரியும் என்றார். வெள்ளீயம், ரப்பர், ஜப்பானின் வணிகம் ஆகியவற்றையும் அதே பேச்சில் சேர்த்தார். பொருளாதாரமே காரணம் என்போர் பிடித்துக்கொள்வது இந்த வரிகளைத்தான். ஆனால் ஒரே மாதத்தில், மே 7 அன்று, கோட்டை விழுந்தது. அமெரிக்கப் படை போகவில்லை. பிரிட்டன் சேராமல் ஒப்புதல் தர அமெரிக்க நாடாளுமன்றத் தலைவர்கள் தயாராக இல்லை, பிரிட்டன் சேர மறுத்தது, அமெரிக்கத் தரைப்படைத் தளபதி ரிட்ஜ்வேயும் எதிர்த்தார். உண்மையிலேயே ஒரு கண்டம் சரியப்போகிறது என்று நம்பியவர்கள் இந்தத் தடைகளோடு நின்றிருப்பார்களா என்பது நியாயமான கேள்வி.

1964 ஜூனில் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ-வின் மதிப்பீட்டுக் குழு இன்னும் தெளிவாக எழுதியது: லாவோஸும் தென் வியட்நாமும் போனாலும், கம்போடியாவைத் தவிர வேறெந்த நாடும் விரைவில் கம்யூனிசத்திடம் விழ வாய்ப்பில்லை. ஆனால், அவ்வளவு தூரம் வாக்குக் கொடுத்துவிட்டதால் தூரக் கிழக்கில் அமெரிக்காவின் நிலைக்குக் கடும் சேதம் வரும் என்றும் அதே குறிப்பு எச்சரித்தது. போர் மற்ற நாடுகளுக்கு அவகாசம் வாங்கித் தந்தது என்று சிங்கப்பூர் பிரதமராக இருந்த லீ குவான் யூ பின்னாளில் வாதிட்டார். அது போரின் விளைவைப் பற்றிய வாதம். தொடங்கியதற்கான காரணத்தை அது காட்டாது.

நம்பகத்தன்மை விளக்கம் இரண்டு ஆண்டுகளுக்கும் பொருந்துகிறது. 1954-இல் செலவில் பெரும்பங்கு அமெரிக்காவுடையது என்றாலும் போர் பிரான்சுடையது, தோல்வியும் பிரான்சுடையது. அதன்பின் சீட்டோ என்ற தென்கிழக்காசியப் பாதுகாப்பு ஒப்பந்தம், தென் வியட்நாமின் தியெம் அரசுக்கு ஆதரவு, 1963 முடிவில் சுமார் 16,000 ராணுவ ஆலோசகர்கள் என்று அமெரிக்காவின் பெயரே பணயமாகிவிட்டது. 1965 மார்ச் 8 அன்று மரைன் படையினர் டா நாங்கில் இறங்கினர். மார்ச் 24 அன்று பாதுகாப்புத் துறையின் ஜான் மெக்நாட்டன் ஒரு குறிப்பில் போரின் நோக்கங்களைச் சதவீதம் போட்டே பிரித்தார்: அவமானகரமான தோல்வியைத் தவிர்க்க 70, சீனாவின் கைக்குப் போகாமல் காக்க 20, தென் வியட்நாமியரின் நல்வாழ்வுக்கு 10. மேடைப் பேச்சில் முதலிடம் பெற்ற தென் வியட்நாமியரின் நலன், உள்குறிப்பில் கடைசி இடத்தில் இருந்தது.

இந்த விளக்கத்தின் பலவீனம், யாருடைய நம்பிக்கை என்பதில் இருக்கிறது. பிரிட்டன் படை அனுப்பவில்லை. பிரெஞ்சு அதிபர் டி கோல் நடுநிலைத் தீர்வை வலியுறுத்தினார். விலகுவதைவிட, கெரில்லாக்களை வெல்ல முடியாமல் திணறுவதே பெரிய அடி என்று வெளியுறவுத் துறை துணைச் செயலர் ஜார்ஜ் பால், அதிபர் ஜான்சனிடம் நேரிலேயே சொன்னார்.

உள்நாட்டு அரசியல், போருக்குப் போன விதத்தை நன்றாக விளக்குகிறது. 1949-இல் சீனா கம்யூனிஸ்டுகள் வசமானதும், 'சீனாவை இழந்தவர்' என்று அன்றைய அதிபர் ட்ரூமன் பட்ட பாட்டை ஜான்சன் பார்த்திருந்தார். 1965 ஜூலை 28 அன்று படைபலத்தை 75,000-லிருந்து 1,25,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தபோது ரிசர்வ் படையை அழைக்கவில்லை. மாலைத் தொலைக்காட்சி உரையைத் தவிர்த்து, நண்பகல் செய்தியாளர் சந்திப்பில் சொல்லி முடித்தார். இரண்டே நாளில் முதியோருக்கான மருத்துவக் காப்பீடான மெடிகேர் சட்டத்தில் கையெழுத்திட்டார். தன் சமூகநலச் சட்டங்களைப் போர் விழுங்கிவிடும் என்ற கவலை அவருக்கு இருந்தது. ஆனால் விலகியிருக்கவே முடியாத நிலை என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. 1964-இன் பெரும் தேர்தல் வெற்றிக்குப் பின், அரசியல் ஆபத்து மிகக் குறைந்த ஆண்டு இதுதான் என்று துணை அதிபர் ஹம்ஃப்ரி பிப்ரவரியிலேயே எழுதிக் கொடுத்திருந்தார்.

ஆகவே நம்பகத்தன்மைக்கு முதலிடம், உள்நாட்டு அரசியலுக்கு இரண்டாமிடம், டோமினோவுக்கு மூன்றாமிடம் என்பதே என் கணிப்பு. ஜான்சனுக்குப் பின் வந்த அதிபர் நிக்சனின் காலம் இதற்கு இன்னொரு சோதனை. 1972 பிப்ரவரியில் அவர் பீஜிங் போய் மாவோவின் கையைக் குலுக்கினார். சீனாவைத் தடுக்கும் போர் என்ற வாதம் அதோடு செத்தது. காக்க வேண்டிய ஜான்சனின் சட்டங்களும் அவருக்கு இல்லை. ஆனாலும் பாரிஸ் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தான 1973 ஜனவரி வரை அமெரிக்காவின் போர் நீண்டது. மிஞ்சியிருந்த காரணம் நம்பகத்தன்மைதான்.